இயற்பியல் வகுப்புக்குப் புதிதா? மதிப்பெண் எங்கே கிடைக்கிறது, எங்கே நழுவுகிறது

"விடை சரியாத்தானே சார் இருக்கு? அப்புறம் ஏன் அஞ்சுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க?"

முதல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநிமிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவர்கள்தான். கீழ் வகுப்பு அறிவியலில் 90-க்குக் குறையாமல் வாங்கி வந்தவர்கள். மேல்நிலை இயற்பியலில் எதற்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்று யாரும் அவர்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருத்துகிறவர் கையில் இருப்பது உங்கள் தாள் மட்டும்தான். மனத்துக்குள் எவ்வளவு சரியாக யோசித்திருந்தாலும், தாளில் இறங்காத யோசனைக்கு மதிப்பெண் போட அவருக்கு வழியில்லை. கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதல் வாரம்: பங்கீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆண்டின் தொடக்கத்தில் மதிப்பெண் பங்கீடு பற்றி ஒரு தாள் தருவார்கள், அல்லது கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். பலர் அதை மடித்து வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எழுத்துத் தேர்வுகளுக்கு 65 சதவீதம், செய்முறைக்கு 25, வீட்டுப்பாடத்துக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தேர்வுகளில் சராசரியாக 62, செய்முறையில் 90, வீட்டுப்பாடத்தில் 95 வாங்கியிருக்கிறார். அவருடைய மொத்தம் 40.3 + 22.5 + 9.5, அதாவது 72.3.

இப்போது அதே மாணவர் ஐந்து செய்முறை அறிக்கைகளில் ஒன்றைக் கொடுக்கவே இல்லை என்றால்? ஓர் அறிக்கையின் எடை மொத்தத்தில் 5 சதவீதம். அந்த ஐந்தைத் தேர்வு வழியாக ஈடுகட்ட வேண்டுமானால் தேர்வுச் சராசரியைக் கிட்டத்தட்ட 8 மதிப்பெண் ஏற்ற வேண்டும். 62-இலிருந்து 70-க்குப் போவது எவ்வளவு பாடு என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓர் அறிக்கையை எழுதி முடிக்க ஒரு மாலை போதும்.

உங்கள் பள்ளியின் சதவீதங்கள் வேறாக இருக்கும். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். கூடவே முதல் வாரத்திலேயே மூன்று கேள்விகளை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டுப்பாடத்துக்கு முயற்சி செய்தாலே மதிப்பெண்ணா, விடையும் சரியாக இருக்க வேண்டுமா? தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும்? தேர்வில் சூத்திரங்களைக் கேள்வித்தாளோடு தருவார்களா, மனப்பாடமாக வைத்திருக்க வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கான பதில் நீங்கள் படிக்கும் விதத்தையே மாற்றும்.

கணிதத்தில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. சமன்பாட்டில் ஒரு மாறியைத் தனியே பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும். சைன், கொசைன், டேன்ஜென்ட் எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம் என்று தயங்காமல் சொல்ல வேண்டும். நேர்கோட்டு வரைபடத்தின் சாய்வு கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். பத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழிக்கத் தெரிய வேண்டும். இதில் எது ஆட்டம் காண்கிறதோ அதை முதல் இரண்டு வாரத்துக்குள் சரிசெய்துவிடுங்கள். இயற்பியல் புரியவில்லை என்று வருகிறவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் தடுமாற்றம் இயற்கணிதத்தில்தான் இருக்கிறது.

கால்குலேட்டர் விஷயம் ஒன்று. சைன் 30 என்று தட்டிப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது, பாகைக்கு மாற்றுங்கள். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். முழுத் தாளையும் ரேடியனில் போட்டுவிட்டுக் கண்கலங்கி நின்ற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்கை எப்படித் திருத்துகிறோம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கேள்வி இது:

2.0 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி 30 பாகை சாய்தளத்தில் கீழ்நோக்கிச் சறுக்குகிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.20. பெட்டியின் முடுக்கத்தைக் கணக்கிடு. (புவியீர்ப்பு முடுக்கம் ஜி = 9.8 மீ/வி²) 5 மதிப்பெண்.

திருத்தும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: விசைப்படம் (பெட்டியின்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் படம்) 1, சாய்தளத்துக்கு இணையாக ஒரு சமன்பாடும் செங்குத்தாக ஒரு சமன்பாடும் சேர்த்து 2, எண்களைப் பிரதியிடுவது 1, அலகோடு விடை 1.

முதல் மாணவி ஒரே வரியில் முடித்துவிட்டார்: 9.8 × 0.5 − 0.20 × 9.8 × 0.866 = 3.20264. எண் சரி. விசைப்படம் இல்லை. எந்த விசை எந்தத் திசையில் என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது சமன்பாட்டை நான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அலகும் இல்லை. பிரதியிட்டதற்கு ஒன்று, இணைத் திசைச் சமன்பாட்டுக்கு ஒன்று. மேலே கேட்ட "அஞ்சுக்கு ரெண்டு" இவருடையதுதான்.

இரண்டாவது மாணவர் பெட்டியை வரைந்து மூன்று அம்புக்குறி போட்டார்: எடை நேர் கீழே, தளம் பெட்டியைத் தாங்கித் தள்ளும் செங்குத்து விசை தளத்துக்குச் செங்குத்தாக, உராய்வு தளத்தின் வழியே மேல்நோக்கி. பிறகு செங்குத்து விசையும் எடையும் சமம் என்று எழுதிவிட்டார். இது தப்பு. சாய்தளத்தில் செங்குத்து விசை என்பது எடையை கொசைன் 30-ஆல் பெருக்கியது. அதனால் அவருக்கு உராய்வு 3.92 நியூட்டன் என்று வந்தது, உண்மையில் 3.39 தான். அதற்குப் பின் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, முடுக்கம் 2.9 மீ/வி² என்று முடித்தார். விடை தவறு. அவருக்கு 4 கிடைத்தது. தப்பு நடந்த ஒரே இடத்தில் ஒன்றைக் கழித்துவிட்டு, அந்தத் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு அவர் மேலே சரியாக நடந்திருக்கிறாரா என்று பார்ப்போம். கண்டிப்பான திட்டமாக இருந்தால் விடைக்கான ஒன்றும் போகும், 3 கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் சரியான விடை எழுதியவரைவிட இவருக்கு அதிகம்.

இது அநியாயம் என்று முதலில் தோன்றும். ஆனால் இரண்டாவது மாணவரின் தாளைப் பார்த்தால் அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது. மறுநாள் இரண்டு நிமிடத்தில் திருத்திவிட முடியும். முதல் தாளில் எனக்கு ஓர் எண் மட்டும்தான் கிடைத்தது.

ஐந்துக்கு ஐந்து வாங்கும் தாள் இன்னொரு காரியம் செய்திருக்கும். எண்களை உடனே போடாமல் குறியீடுகளாகவே வைத்துக்கொண்டு கடைசி வரை வந்திருக்கும். அப்படி வந்தால் நிறை இருபுறமும் அடிபட்டுப் போகும். முடுக்கம் என்பது ஜி-யை (சைன் கோணம் − உராய்வுக் குணகம் × கொசைன் கோணம்) என்பதால் பெருக்கியது என்று மிஞ்சும். 2.0 கிலோகிராம் இந்தக் கணக்குக்குத் தேவையே படவில்லை. இந்த நிலையில் விடையைச் சோதித்தும் பார்க்கலாம். கோணத்தை 90 பாகை ஆக்கினால் தளம் சுவராகிவிடும், பெட்டி தடையின்றி விழ வேண்டும். சமன்பாட்டில் போட்டால் சைன் 90 ஒன்று, கொசைன் 90 சுழி, முடுக்கம் ஜி. சரியாக வருகிறது. சைனையும் கொசைனையும் மாற்றிப் போட்டிருந்தால் இந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். அரை நிமிட வேலை இது.

ஆக, ஒரு கணக்கை எடுத்ததும் தெரிந்தவற்றை அலகோடு எழுதுங்கள். படம் வரையுங்கள். எந்தத் திசை நேர்க்குறி என்று ஓர் அம்புக்குறியால் சொல்லுங்கள். பயன்படுத்தும் விதியின் பெயரை ஒரு சொல்லில் குறியுங்கள். குறியீட்டில் தீர்த்துவிட்டுக் கடைசியில் எண்களைப் போடுங்கள். விடைக்குக் கீழே கோடிடுங்கள்.

கால்குலேட்டர் 3.20264 என்று காட்டினாலும் எழுத வேண்டியது 3.2 தான். கேள்வியில் தந்த அளவுகள் இரண்டு முக்கிய எண்ணுருக்களில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆறு எண்ணுருக்களுக்கு நம்பிக்கை வராது. இடையில் வரும் எண்களை மட்டும் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள், சுருக்குவது கடைசியில்.

அலகுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பார்கள். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும் வேளையில் தொலைந்து போனது. ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு-விசை வினாடியில் தந்தது, அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. அத்தனை பேர் உழைப்பும் ஓர் அலகில் போயிற்று. உங்கள் தாளில் அரை மதிப்பெண்ணோ ஒன்றோ போகும், அவ்வளவுதான். பழக்கம் ஒன்றேதான்.

சொற்களில் எழுதும் விடைகள்

கேள்வியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். வரையறு என்றால் ஒரு வாக்கியம், தேவையானால் சூத்திரமும் அலகும். தருவி என்றால் தெரிந்த ஒன்றில் தொடங்கி, வரி வரியாக, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு. விளக்கு என்றால் காரணம் வேண்டும், நிகழ்வை வர்ணித்தால் போதாது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாலும் இரண்டுதான் கிடைக்கும்.

அன்றாடப் பேச்சில் ஒன்றாகப் புழங்கும் சொற்கள் இங்கே வேறு வேறு. நிறையும் எடையும் ஒன்றில்லை, வேகமும் திசைவேகமும் ஒன்றில்லை. கனமான பையைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் கை வலிக்கும்; ஆனால் இடப்பெயர்ச்சி இல்லாததால் பையின் மீது செய்த வேலை சுழி. ஒரு சொல்லை மாற்றி எழுதினால் அந்த வாக்கியமே தவறாகிவிடும்.

நல்ல மாணவர்களும் தவறும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி செயலும் எதிர்ச்செயலும் என்று எழுதுவார்கள். இரண்டு விசையும் ஒரே பொருளின்மேல், புத்தகத்தின்மேல், செயல்படுகின்றன. மூன்றாம் விதியின் ஜோடி எப்போதும் இரண்டு வேறு பொருள்களின்மேல் இருக்கும். பூமி புத்தகத்தை இழுக்கிறது, அதன் ஜோடி புத்தகம் பூமியை இழுப்பது. விசையைப் பற்றி எழுதும்போதெல்லாம் "எது எதன்மேல்" என்று முழுசாக எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் தானாகக் கலைந்துவிடும்.

செய்முறை: எழுதிய அளவீட்டை அழிக்காதீர்கள்

தனி ஊசல் சோதனை அநேகமாக உங்களுக்கும் வரும். ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி, அலைவுநேரம் (ஒரு முறை முழுதாக ஆடித் திரும்ப ஆகும் நேரம்) அளந்து, அதிலிருந்து ஜி-யைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மாணவர் 1 மீட்டர் நீளத்துக்கு 20 அலைவுகளுக்கான நேரமாக 38.1 வினாடி குறித்திருந்தார். மற்ற நான்கு நீளங்களையும் அப்படியே அளந்தார். கடைசியில் ஜி 10.86 மீ/வி² என்று வந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு 9.8. இவர் அழிப்பானை எடுத்து 38.1-ஐ 40.1 ஆக்கத் தொடங்கியபோது நான் போய் நின்றேன்.

திட்டவில்லை. ஊசலை ஆட்டி எண்ணச் சொன்னேன். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்றார். தப்பு அங்கேதான். தொடங்கும் நொடியில் சுழி என்று சொல்ல வேண்டும். ஒன்றில் தொடங்கினால் இருபது என்று சொல்லும்போது ஊசல் பத்தொன்பது முறைதான் ஆடி முடித்திருக்கும். 19 அலைவுகளின் நேரத்தை 20-ஆல் வகுத்ததால் அலைவுநேரம் 5 சதவீதம் குறைந்தது. ஜி கணக்கிடும்போது அலைவுநேரத்தின் இருமடி கீழே வருவதால் விடை கிட்டத்தட்ட 11 சதவீதம் ஏறிவிட்டது. எண்களைப் போட்டுப் பார்த்தால் 10.86 அச்சாக வந்தது. பழைய அளவீடுகளை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதி, புது அளவீடுகளை அடுத்த அட்டவணையில் போட்டார். பிழை ஆய்வுப் பகுதியில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவருக்குத்தான். 40.1 என்று திருத்தியிருந்தால் அந்த மூன்று வரிகளை எழுதியிருக்கவே முடியாது.

விடை புத்தக மதிப்போடு ஒட்டவில்லை என்பது குற்றமே இல்லை. மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913-இல் வெளியிட்ட மதிப்பு இன்றைய மதிப்பைவிடச் சற்றுக் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பில் சிறு பிழை இருந்ததுதான் முக்கியக் காரணம். அவருக்கு 1923-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அளவீட்டை மாற்றி எழுதுவது குற்றம். கண்டுபிடித்தால் அந்த அறிக்கைக்குச் சுழி போடும் ஆசிரியர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

ஏன் ஓர் அலைவை மட்டும் அளக்காமல் இருபது அளக்கிறோம் என்பது வைவாவில், அதாவது செய்முறையின் வாய்மொழித் தேர்வில், தவறாமல் வரும் கேள்வி. வாட்ச் 0.01 வினாடி வரை காட்டும். ஆனால் பொத்தானை அழுத்தும் உங்கள் விரல் 0.2 வினாடி போல முன்பின்னாகும். 2 வினாடியில் 0.2 என்பது 10 சதவீதம். 40 வினாடியில் அதே 0.2 என்பது அரை சதவீதம்.

வரைபடத்துக்கு எப்போதும் தனி மதிப்பெண் உண்டு, அது எளிதில் கிடைப்பதும்கூட. இரண்டு அச்சுக்கும் பெயரும் அலகும் எழுதுங்கள். புள்ளிகள் தாளின் பாதிக்கு மேல் பரவும்படி அளவுத்திட்டம் எடுங்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு இழுக்காமல், எல்லாவற்றுக்கும் ஊடே போகும் ஒரே நேர்கோடு போடுங்கள். சாய்வு எடுக்க அந்தக் கோட்டின்மேல் தள்ளித் தள்ளி இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் அளவீட்டுப் புள்ளிகள் வேண்டாம்.

வரைபடம் உங்களிடம் பேசவும் செய்யும். நீளத்துக்கு எதிராக அலைவுநேரத்தின் இருமடியை வரைந்தால் ஆதிப்புள்ளி வழியே போகும் கோடு வர வேண்டும், சாய்வு 4.03 வி²/மீ அளவில். எண்ணுவதில் தப்பியவரின் கோடும் ஆதிப்புள்ளி வழியேதான் போகும், சாய்வு மட்டும் 3.6-க்கு இறங்கிவிடும். ஊசல் குண்டின் நடுவரை அளக்காமல் மேல்விளிம்பு வரை மட்டும் நீளம் அளந்தவருக்குச் சாய்வு சரியாகவே வரும், கோடு ஆதிப்புள்ளியைத் தவறவிட்டு மேலே வெட்டும். எந்தத் தப்பு செய்தீர்கள் என்பதை ஒரு கோடு சொல்லிவிடுகிறது. பத்து ஆண்டுக்கு மேல் பார்த்தும் எனக்கு இது சலிக்கவில்லை.

குழுவாகச் சோதனை செய்தால் அளவீடுகள் எல்லோருக்கும் பொது. அறிக்கையின் வாக்கியங்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும்.

வீட்டுப்பாடமும் தீர்வுப் புத்தகங்களும்

தீர்த்து வைத்த கணக்கைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரியும். புரிந்ததால் போடவும் வரும் என்று தோன்றும். வராது. தீர்வைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பாருங்கள், தவறில்லை. புத்தகமானாலும் செயலியானாலும் மூடிவிட்டு, பத்து நிமிடம் வேறு வேலை செய்துவிட்டு, வெற்றுத் தாளில் முதலிலிருந்து போடுங்கள். நடுவில் எங்கே நின்றுபோகிறீர்களோ அதுதான் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய சந்தேகம். "சார், பாடமே புரியல" என்று வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நானும் தவிப்பேன். "இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி வந்தாங்க?" என்று விரல் வைத்துக் காட்டுகிறவருக்கு நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம்.

தாள் திரும்பி வந்த பிறகு

மொத்தத்தைப் பார்த்ததும் தாளை மடித்துவிடாதீர்கள். போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே பென்சிலால் ஓர் எழுத்துப் போடுங்கள்: அலகு அல்லது கணக்குப் பிழைக்கு "அ", கருத்து தெரியாததற்கு "க", கேள்வியைச் சரியாகப் படிக்காததற்கு "ப", தெரிந்தும் எழுதாமல் விட்டதற்கு "வி". எண்ணிப் பாருங்கள். முதல் தேர்வில் பலருக்கு "வி"-யும் "அ"-வும்தான் அதிகமாக இருக்கும். அவற்றைச் சரிசெய்யப் புதிதாக ஒரு பாடமும் படிக்க வேண்டியதில்லை, எழுதும் முறையை மாற்றினால் போதும். "க" அதிகமென்றால் அந்தப் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அதுவும் அடுத்த பாடம் அதன்மேல் ஏறி உட்காருவதற்குள். விசை புரியாமல் ஆற்றலுக்குப் போனால் இரண்டும் சேர்ந்து அழுத்தும்.

திருத்தியதில் தவறு இருப்பதாகத் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள், எங்களுக்கும் கை தவறும். கூட்டல் பிழை என்றால் அன்றே சொல்லலாம். விடையைப் பற்றியதென்றால் ஒரு நாள் பொறுத்து, திருத்தும் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, "இந்த வரியில இணைத் திசைச் சமன்பாடு எழுதியிருக்கேன், இதுக்கு ஒண்ணு வருமா சார்?" என்று அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். வரி அங்கே இருந்தால் மதிப்பெண் கிடைக்கும்.